காரைக்குடியிலிருந்து சிறுமலைக்கு: புரட்டாசியில் மலைநடையும் டென்ட் இரவும்

செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து மலையேறப் போகிறவர்கள் பெரும்பாலும் குளிருக்குத் தயாராகிப் போகிறார்கள். மழைக்குத் தயாராவதில்லை. பையில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, குரங்குக் குல்லா எல்லாம் இருக்கும். நல்ல ரெயின்கோட் இருக்காது. மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்ததும் அந்தக் கம்பளியே தண்ணீரைக் குடித்துக் கனக்கும், ராத்திரிக்கு ஒன்றுக்கும் உதவாது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிறுமலை போன்ற இடத்தில் இந்தப் பருவத்தில் இரவுக் குளிர் தாங்கக்கூடியதுதான். நனைந்த உடம்போடு காற்றில் இரண்டு மணி நேரம் நின்றால் அதே குளிர் ஆளை நடுங்க வைத்து, பேச்சைக் குழற வைத்து, கையால் பட்டன் போடவும் முடியாமல் செய்துவிடும். ஆகவே கீழே சொல்வதெல்லாம் இரண்டே கட்டளைக்குள் அடங்கும்: மதியம் ஒரு மணிக்குள் கூரைக்குக் கீழே இருங்கள், படுக்கையையும் ஒரு செட் துணியையும் எக்காரணம் கொண்டும் நனைய விடாதீர்கள்.

எப்போது போவது

செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் இரண்டாம் வாரம் வரை, அதாவது புரட்டாசியின் நடுப்பகுதி முதல் கடைசி வரை நல்ல காலம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை இன்னும் பிடிக்காத இடைவெளி அது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பு பெய்வது பெரும்பாலும் வெப்பச் சலன மழை: காலை வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும், பதினொரு மணிக்கு மேகம் திரளும், இரண்டு மூன்று மணிக்கு இடியோடு கொட்டும், ராத்திரி எட்டுக்குள் பெரும்பாலும் அடங்கும். நேரம் பார்த்து நடந்தால் இந்த மழையை ஏமாற்றிவிடலாம். ஐப்பசியில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகிவிட்டால் அது முடியாது. இரவு பகலாகப் பெய்யும், கிழக்கே பார்த்த சரிவுகள் முழுவதும் ஊறும், மண்சரியும். ஐப்பசிப் பயணத்தை மழை எச்சரிக்கை பார்த்துவிட்டு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். திண்டுக்கல்லுக்கு மஞ்சள் எச்சரிக்கை என்றால் திட்டத்தைச் சுருக்குங்கள்: நடை மட்டும், டென்ட் வேண்டாம். ஆரஞ்சு என்றால் வீட்டில் இருங்கள். ஆயுதபூசை விடுமுறையில் மலைச்சாலை முழுக்க வண்டியாக இருக்கும். அதற்கு முந்தைய வாரம் செவ்வாய், புதன் கிடைத்தால் அதுவே மேல்.

எங்கே போவது

முதலில் பிரான்மலை. பாரியின் பறம்புமலை என்று நம் பக்கம் சொல்லும் அதே மலை, சிங்கம்புணரியிலிருந்து எட்டும் தூரம். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. இது டென்ட் போடும் இடமல்ல, பயிற்சி ஏற்றத்துக்கான இடம். முழுச் சுமையோடு ஒருமுறை ஏறி இறங்கினால் உங்கள் காலும் பையும் எப்படி என்று அன்றைக்கே தெரிந்துவிடும். குன்றக்குடி மலைப்படி சின்னது. மாலையில் ஆறேழு தடவை ஏறி இறங்கி மூச்சைப் பழக்க அது போதும். சுமைப் பயிற்சிக்குப் போதாது.

அடுத்தது சிறுமலை. காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போகிற சாலையில், திண்டுக்கல் சேர்வதற்கு முன்பே சிறுமலைப் பிரிவு வந்துவிடும். அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஊர்களும் தோட்டங்களும் உண்டு. காபி, மிளகு, பலா, எலுமிச்சை, அப்புறம் புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழை. முதல் தடவை மலையில் ராத்தங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். உயரம் ஆயிரம் மீட்டரைத் தாண்டுவதால் மலைக்காற்று கிடைக்கும். ஏதாவது ஆகிவிட்டால் ஒரு மணி நேரத்தில் திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாம். இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் மலைகள் நம் பக்கத்தில் அதிகம் இல்லை.

கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பழைய பாதை அழகானதுதான், ஆனால் அதை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமையோடு விடாமல் இறங்குவது முழங்காலைப் பதம் பார்க்கும். சமதளத்தில் வளர்ந்த கால்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. வெள்ளகவி ஊருக்குள் செருப்புப் போட்டு நடப்பதில்லை என்ற வழக்கம் உண்டு, மதியுங்கள். கொடைக்கானலுக்கு வண்டியில் போவதற்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் அங்கே தடை.

அனுமதி

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். உள்ளே டென்ட் போடுவதும் தீ மூட்டுவதும் கூடவே கூடாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் வனத்துறை நடத்தும் பாதைகளுக்கு இணையத்திலேயே பதியலாம், கூடவே வழிகாட்டியும் வருவார். காட்டுப்பாதை நடக்க ஆசைப்பட்டால் அந்த வழியில் போங்கள்.

டென்ட் போடுவது பட்டா நிலத்தில்தான். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே பேசி, எத்தனை பேர், எத்தனை டென்ட், என்ன தேதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: "அண்ணே, ராத்திரி காட்டுமாடு எந்தப் பக்கமா இறங்கும்? மழை வலுத்தா ஒதுங்க ஷெட்டு இருக்கா? செல்போன் டவர் எங்க கிடைக்கும்?" இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு தோட்டம் பாருங்கள். அகஸ்தியர்புரம் பக்கம் வெள்ளிமலைக் கோயிலுக்கு ஏறுவதாக இருந்தால் சோதனைச் சாவடியிலேயே விசாரித்து, உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேசின கூலியை ஏறுவதற்கு முன்பே சொல்லி முடித்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

காலைப் பழக்குதல்

நான்கு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் தினம் 5 கிலோமீட்டர் வேகநடை, போகப்போகிற அதே ஷூவோடு. மூன்றாவது வாரம் பையில் 6 கிலோ: தண்ணீர்ப் பாட்டில்களே எடைக்கல். நான்காவது வாரம் 10 கிலோவோடு பிரான்மலை. புது ஷூவை மலைக்கு நேராகக் கொண்டுபோவது பலரும் செய்வது, மதியத்துக்குள் குதிகாலில் கொப்புளம் உறுதி. அரை அளவு பெரிய ஷூ வாங்குங்கள். இறக்கத்தில் கால் முன்னே தள்ளும்போது கட்டைவிரல் நகம் முட்டக்கூடாது. தேய்ந்த அடிப்பகுதி உள்ள ஜாகிங் ஷூ ஈரப் பாறையில் சோப்பில் நடப்பது மாதிரி வழுக்கும்.

நடையைக் கணக்குப் பண்ணும்போது, சுமையோடு சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 15 நிமிடம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 கிலோமீட்டர் தூரமும் 400 மீட்டர் ஏற்றமும் என்றால் இரண்டரை மணி நேரம். ஓய்வுக்கு அரை மணி சேருங்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய வேகம்தான் எல்லாருடைய கணக்கும்.

பையும் பொருளும்

ஒருவர் சுமை அவர் உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. கீழே வருவது நான்கு பேர், ஓர் இரவு என்ற கணக்கு.

நான்கு பேருக்கு ஒரே பெரிய டென்ட் வேண்டாம், இரண்டு பேர் டென்ட் இரண்டு எடுங்கள். ஒன்று கிழிந்தால் மற்றொன்றில் நெருக்கிப் படுக்கலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியது, மேல்விரிப்பு (டென்ட்டுக்கு மேலே மழைக்காகப் போர்த்தும் துணி) தரை வரை இறங்குகிறதா என்பது. உச்சியை மட்டும் மூடும் குட்டைத் தொப்பி மாதிரி மேல்விரிப்பு உள்ள மலிவு டென்ட் மொட்டை மாடிக்குச் சரி, மலைச்சாரலுக்கு ஆகாது. சாரல் பக்கவாட்டில்தான் அடிக்கும். நீர்த்தாங்கு அளவு (எத்தனை மி.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்ற கணக்கு) மேல்விரிப்புக்கு 2,000 மி.மீ., தரைக்கு 3,000 மி.மீ. இருந்தால் போதும். வாங்கியதும் மொட்டை மாடியில் விரித்துக் கட்டி, ஹோஸ் பைப்பால் 20 நிமிடம் தண்ணீர் அடியுங்கள். தையல் வழியே கசிந்தால் தையல் பசை தடவி ஒரு நாள் காயவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். இந்தச் சோதனையை மலையில் மழை செய்வதற்கு முன்பு நீங்கள் செய்துவிட வேண்டும்.

கயிறு 3 மி.மீ. நைலான், மொத்தம் 20 மீட்டர். போகிற வழியில் சிங்கம்புணரியில் நல்ல தேங்காய்நார்க் கயிறு கிடைக்கும். வண்டிமேல் மூட்டை கட்ட அது அருமை. டென்ட் இழுத்துக் கட்ட வேண்டாம். ஊறிக் கனக்கும், ஈர முடிச்சு விடியக்காலையில் அவிழாது.

படுக்கைக்கு 10 டிகிரிக்கான ஸ்லீப்பிங் பேக் ஆளுக்கு ஒன்று, அடியில் 10 மி.மீ. ஃபோம் பாய். பாயை விட்டுவிட்டு இரண்டு போர்வை எடுப்பது வீண். உடம்புச் சூட்டைத் தரைதான் உறிஞ்சும், காற்றல்ல. ஜமுக்காளம், கோரைப்பாய் எல்லாம் ஈரத்தை மேலே ஏற்றிவிடும்.

துணியில் பருத்தியைக் குறையுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் அடுத்த நாள் மதியம் வரை காயாது. நடக்க பாலியஸ்டர் டிராக் பேன்ட்டும் முழுக்கை பனியனும். ராத்திரிக்கென்று ஒரு செட் தனியாக: ஒரு ஃப்ளீஸ், ஒரு பேன்ட், ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ். இந்த ராத்திரி செட்டை நடக்கும்போது போடவே கூடாது. எவ்வளவு குளிர்ந்தாலும் காலையில் நடை தொடங்கும்போது மீண்டும் ஈரத்துணிக்கே மாறுங்கள். பத்து நிமிட நடையில் சூடு வந்துவிடும். மனசுக்கு ஒப்பாத காரியம்தான், ஆனால் காய்ந்த செட்டைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

பை உறை மட்டும் மழையைத் தடுக்காது. முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளே தடித்த பாலிதீன் உறை ஒன்றை விரித்து, ஸ்லீப்பிங் பேக்கையும் ராத்திரித் துணியையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். உரமூட்டைக்குள் வரும் உள்ளுறையைக் கழுவிக் காயவைத்தாலே நன்றாக உழைக்கும். ரெயின்கோட் சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக உள்ள வகை. முழு நீள கோட் படியில் காலைத் தட்டும். குடை காற்றில் பயனில்லை.

ஆளுக்கொரு தலை விளக்கு, மாற்று பேட்டரி, விசில். சின்னக் கத்தி, ஒட்டு நாடா, தீப்பெட்டி இரண்டு (ஒன்று மெழுகுதிரி தடவிய பிளாஸ்டிக் டப்பாவில்), ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 6, பஞ்சு, கட்டுத்துணி, பாராசிட்டமால், ஆன்டிசெப்டிக், ஒவ்வொருவரும் தினம் சாப்பிடும் மாத்திரை. பவர் பேங்க் ஒன்று போதும். குளிரிலும் டவர் தேடியும் போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், ஏறியதும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

சமையல்

காட்டில் விறகு மூட்டக்கூடாது. தோட்டத்திலும் தோட்டக்காரர் காட்டிய இடத்தில் மட்டுமே. ஆகவே திருகி மாட்டும் சின்ன கேஸ் அடுப்பு. 230 கிராம் கேஸ் டப்பா இரண்டு எடுங்கள், ஒன்று கையிருப்பு. இதை ரயிலில் கொண்டுபோகக்கூடாது. டென்ட்டுக்குள் அடுப்பு எரிக்கவே எரிக்காதீர்கள். தீ ஒரு பக்கம் இருக்கட்டும், மூடின இடத்தில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

முதல் நாள் சாப்பாட்டுக்குப் புளிச்சோற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. நான்கு பேருக்கு இரண்டு வேளைக்கு 900 கிராம் அரிசி, 90 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய். சின்ன வெங்காயம், பூண்டு சேர்க்காதீர்கள். கெட்டுப்போவது அங்கிருந்துதான் தொடங்கும். புளிக்காய்ச்சலை எண்ணெய் மேலே மிதக்கும் வரை வற்ற விடுங்கள். சோற்றைக் கொஞ்சம் விறைப்பாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் விட்டு ஆறவைத்து, முழுக்க ஆறிய பிறகே பிசைந்து கட்டுங்கள். பெரும்பாலும் கெடுவது சூட்டோடு தூக்கில் அடைப்பதால்தான். மூடியில் வியர்க்கும் தண்ணீர் சோற்றில் சொட்டிச் சளசளக்கும், மாலைக்குள் வாடை வந்துவிடும். அதிகாலை மூன்று மணிக்குக் கட்டியது அன்றிரவு வரைக்கும் தாங்கும். மறுநாள் காலைக்கு வைக்காதீர்கள். தொட்டுக்கொள்ள வற்றல், ஒரு டப்பா துவையல்.

நடக்கும்போது கொறிக்க நம் வீட்டுப் பலகாரமே போதும்: மாவுருண்டை, சீப்புச் சீடை, தேன்குழல். பாசிப்பருப்பு மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த மாவுருண்டை ஏற்றத்தில் களைத்துப்போகும்போது சட்டென்று தெம்பு கொடுக்கும். ஆளுக்கு ஆறு கணக்குப் போடுங்கள். பொலபொலவென்று உதிரும், எவர்சில்வர் டப்பாவில் இறுக்கமாக அடுக்குங்கள். சாக்லெட் வண்டிச் சூட்டிலேயே கரைந்துவிடும்.

மறுநாள் காலைக்கு வெண்பொங்கல். 3 லிட்டர் குக்கரில் 220 கிராம் பச்சரிசி, 70 கிராம் பாசிப்பருப்பு, 1.1 லிட்டர் தண்ணீர், உப்பு. அரிசி பருப்பை வீட்டிலேயே லேசாக வறுத்து, மிளகு, சீரகம், முந்திரியை நெய்யில் தாளித்து தனி டப்பாவில் கொண்டுபோனால் அங்கே வேலை குக்கர் வைப்பது மட்டும்தான். குக்கர் கனமாக இருக்கிறதே என்று சட்டியைக் கொண்டுபோகாதீர்கள். ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் பருப்பு வேகாமல் கேஸ் தீரும். டென்ட் சுமக்காதவர் குக்கர் சுமக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு நடைக்கு 3 லிட்டர், சமையலுக்கும் முகம் கழுவவும் இன்னும் இரண்டு. ஊற்றுத்தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தாலும் மேலே மாடு மேயும். நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். மழைக்குப் பின் கலங்கியிருந்தால் அரை மணி தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள்.

நாளின் ஓட்டம்

காரைக்குடியில் காலை 3.30-க்கு வண்டி. ஆறரைக்கெல்லாம் சிறுமலை ஏறிவிடலாம். வளைவுகளில் பனிமூட்டம் இருந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள், உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். ஏழு மணிக்குத் தோட்டத்தில் மூட்டையை இறக்கியதும் முதல் வேலை டென்ட் கட்டுவது. காலையில் தூக்கம் வரும், நடந்துவிட்டு வந்து கட்டலாம் என்று தோன்றும். பெரும்பாலான மோசமான இரவுகளுக்கு இதுதான் ஆரம்பம்: நடந்துவிட்டு வரும்போது மழை வந்திருக்கும், உள்கூடாரம் கட்டும்போதே நனைந்துவிடும்.

எட்டு மணிக்கு நடை. திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்: பத்தரை மணி. உச்சி இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும் பத்தரைக்குத் திரும்ப வேண்டும். இதைச் சொல்லும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள், மற்றவர்கள் வாதாடாமல் கேளுங்கள். தோட்டக்காரரிடமும் வீட்டிலும் "ஒரு மணிக்குள் வந்துவிடுவோம், மூன்று வரை சேதி இல்லையென்றால் தேடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அக்டோபரில் சூரியன் ஆறு மணியளவில் மறையும். மரநிழலில் ஐந்தரைக்கே வழி தெரியாது.

டென்ட் கட்டும் இடம்

செட்டிநாட்டு வீடுகளைத் தெருவிலிருந்து உயர்த்தி, படியேறிப் போகிற மாதிரிக் கட்டியது எதற்காகவோ, டென்ட்டுக்கும் அதே கணக்குத்தான். சுற்றிலும் உள்ள தரையைவிட ஒரு சாண் உயர்ந்த மேடு வேண்டும். தண்ணீர் வந்து தேங்கும் பள்ளமும் வேண்டாம், மேலே உச்சியும் வேண்டாம். காய்ந்த ஓடை மணல் படுக்க மெத்தென்று இருக்கும், அங்கே போடவே கூடாது. மேலே எங்கோ பெய்த மழை உங்கள் தலைமேல் ஒரு துளி விழாமலே ஓடையில் இறங்கும். அண்ணாந்து பாருங்கள்: காய்ந்த கிளை, தொங்கும் பலாப்பழம், தேன்கூடு இல்லாத இடமாக இருக்க வேண்டும். குலை தள்ளிய வாழைக்கும் பழுத்த பலாவுக்கும் 50 மீட்டராவது தள்ளி இருங்கள், காட்டுமாடும் பன்றியும் வருவது அங்கேதான்.

தரையில் கல், குச்சி பொறுக்கிவிட்டு அடிவிரிப்பு. அது டென்ட் தரையைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் குறைவாக மடித்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்விரிப்பில் வழியும் தண்ணீரையெல்லாம் பிடித்து அடியில் கொண்டுவந்து சேர்க்கும். "டென்ட் கசிகிறது" என்று சொல்லப்படுவதில் பாதி இந்தத் தவறுதான். வாசல் காற்று அடிக்காத மறுபக்கம் பார்த்திருக்க வேண்டும். சரிவு கொஞ்சம் இருந்தால் தலை மேல்பக்கம். முளையைக் கயிற்றுக்கு எதிர்ச்சாய்வாக 45 டிகிரியில் அடியுங்கள். தோட்டத்து மண் மழையில் குழையும், டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பிமுளை பிடிக்காது; ஒன்றேகால் அடி நீள இரும்பு முளை எட்டு தனியே கொண்டுபோங்கள், அல்லது முளைமேல் கனமான கல் வையுங்கள். நைலான் துணி நனைந்தால் தளரும், ஆகவே முதல் மழை விட்டதும் எல்லாக் கயிற்றையும் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். மேல்விரிப்பு உள்கூடாரத்தை எங்கும் தொடக்கூடாது.

குளிருதே என்று காற்று வழிகளை எல்லாம் மூடிப் படுத்தால் விடியும்போது உள்ளே சொட்டும். மழை உள்ளே வரவில்லை, அது உங்கள் மூச்சின் ஈரம். எதிரெதிர்க் காற்று வழிகளை நாலு விரல் திறந்து வையுங்கள். ஈர ஷூவும் ரெயின்கோட்டும் முன்வாசல் மறைவில், கவிழ்த்து. சாப்பாடு எதுவும் உள்ளே வேண்டாம், மூடிய டப்பாவில் வண்டிக்குள் வையுங்கள். குரங்கு ஜிப்பைத் திறக்கத் தெரிந்தது, எலி கடித்தே திறக்கும்.

இடி, காட்டுமாடு, அட்டை, பாம்பு

மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் வந்தால் உடனே மேட்டிலிருந்தும் வெட்டவெளியிலிருந்தும் இறங்குங்கள். தனி மரத்தடி, பாறைப் பொந்து, டென்ட் எதுவும் பாதுகாப்பில்லை. கட்டடம், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய கார். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

காட்டுமாடு அமைதியாக மேய்வதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 50 மீட்டர் இடைவெளி விடுங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், கண்ணில் டார்ச் அடிக்காதீர்கள். தலையைத் தாழ்த்தி மூச்சுச் சீறினால் முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கிப் பெரிய மரத்தின் பின்னால் நில்லுங்கள். ராத்திரி ஒதுங்கப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள், காலுக்குக் கீழேயும் தூரத்திலும் விளக்கை ஓட்டிப் பார்த்துவிட்டு.

ஈரப் புல்லில் அட்டை ஏறும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸ்மேல் உப்பு கரைத்த தண்ணீரையோ புகையிலை ஊறவைத்த தண்ணீரையோ நனைத்துக் காயவையுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் வாயோரம் நகத்தைச் செருகிப் பக்கவாட்டில் தள்ளினால் விழுந்துவிடும். ரத்தம் வெகுநேரம் கசியும், உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் சுரப்பதால் அப்படி. பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள்.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, வாட்ச் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வண்டிக்கு. 108-ஐ அழைத்து, மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே ஆம்புலன்ஸைச் சந்திப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். போக வேண்டியது விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு.

நனைந்து நடுங்குகிறவர் நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால் அது தேறிவிட்டதற்கு அறிகுறியல்ல, மோசமாவதற்கு அறிகுறி. ஈரத்துணியை முழுக்கக் கழற்றிக் காய்ந்த துணி, தலைக்குத் துண்டு, ஸ்லீப்பிங் பேக். விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான கருப்பட்டிக் காப்பி. கை காலைத் தேய்க்காதீர்கள், சாராயம் கொடுக்காதீர்கள். பிறகு கீழே இறங்கிவிட வேண்டியதுதான்.

திரும்பி வந்த பிறகு

குப்பை முழுவதும் உங்களோடு கீழே வர வேண்டும், எலுமிச்சைத் தோல் உட்பட. மலம் கழிக்க ஓடைக்கு 60 மீட்டர் தள்ளி ஒரு சாண் குழி, மண் போட்டு மூடுங்கள். தோட்டத்தில் கழிப்பறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

டென்ட் மேலுக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் வீட்டுக்கு வந்த அன்றே மொட்டை மாடியில் நிழலில் தலைகீழாக விரித்து இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பத்து நாளில் கரும்புள்ளி விழும், உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். நேர் வெயிலும் நைலானைக் கெடுக்கும். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறையில் திணித்து வைக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.

அன்றைக்கே வெந்நீரில் குளித்து, அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி, காது மடல் பின்புறம் எல்லாம் பூச்சிக்கடி இருக்கிறதா என்று வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலப் புதரில் இருக்கும் மிகச் சின்னப் பூச்சிகளால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும், கடி வலிக்காது. போய்வந்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு உடம்பில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் இந்தத் தேதியில் மலைக்குப் போய் டென்ட்டில் படுத்தோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகிவிடும். சாதாரணக் காய்ச்சல் என்று ஒரு வாரம் தள்ளினால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.